எட்டாம் புள்ளி

எங்கள் மலையில் யாரும் மீட்டர் வைத்து கரண்ட் அளப்பதில்லை, சார். மிக்ஸி ஓடுகிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். சத்தம் கனத்து இழுத்தால் மாவு மில்காரன் மோட்டாரைப் போட்டுவிட்டான், கரண்ட் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடுப்பங்கரையில் நிற்கிற பெண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, சுவரோரம் இருக்கும் ஸ்டெபிலைசரின் குமிழை வலது பக்கம் ஒரு புள்ளி திருப்புவாள். டக் என்று ஒரு சத்தம். மிக்ஸி பழையபடி ஓடும். போதாவிட்டால் இன்னொரு டக். மொத்தம் எட்டுப் புள்ளி. வலது பக்கம் திருப்பினால் ஏறும் என்பது கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கும் தெரியும். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும்.

இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

என் பெயர் சுதாகர். வயது முப்பத்தாறு. பைல்நாட்டில் அண்ணன் வீட்டில் இருந்தேன். என்ன வேலை என்று உங்கள் ஏட்டு மூன்று முறை கேட்டார், நானும் மூன்று முறை விளக்கினேன், கடைசியில் ‘ரேடியோ ரிப்பேர்’ என்று எழுதிக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை. உங்களுக்கு ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மாடுலர் சிந்தசைசர் என்று ஒரு கருவி இருக்கிறது. தனித்தனிப் பலகைகளாக வாங்கி, ஒரு சட்டத்தில் பூட்டி, வயர்களால் ஒன்றோடு ஒன்றை இணைத்து, குமிழ்களைத் திருப்பிச் சத்தம் உண்டாக்குவார்கள். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வேலை. ஒன்று சத்தத்தை உண்டாக்கும், இன்னொன்று அதை நீட்டும், வேறொன்று கெடுக்கும். கெடுக்கிற பலகை செய்வதுதான் என் வேலை. பெங்களூரில் ராதிகா என்று ஒருவர் அவற்றை வாங்கி வெளிநாடுகளுக்கு விற்கிறார். அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணன் பெயர் பொன்னன். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். அப்பா பலாப்பழச் சுமையோடு மலை இறங்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பு போனது. அதன்பிறகு அண்ணன் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் கல் உடைக்கிற கிரஷருக்குப் போனார். அப்போது அவருக்கு மீசை முளைக்கவில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் கூடப் போய் ஜல்லி அள்ளுவேன். வாயில் துண்டைக் கட்டிக்கொள்வோம். மத்தியானம் துண்டை உதறினால் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பாக நிற்கும். ஒருநாள் நான் தும்மினேன், சளியோடு வெள்ளையாக மாவு வந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸிலேயே என்னை மேலே ஏற்றிவிட்டார். “ஒரு ஊட்டுக்கு ஒரு நெஞ்சு போனாப் போதும் சாமி. நீ போயிப் படி” என்றார்.

அப்படித்தான் நான் ஐ.டி.ஐ. படித்தேன். அவர் நெஞ்சு போனது. நாற்பத்தாறு வயதில், பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நுரையீரலில் கல்தூள் உறைந்துவிட்டது, மருந்து கிடையாது, ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலையணை உயரத்துக்கு ஒரு பெட்டி. காற்றை உறிஞ்சி, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்டில் ஓடுவது. நம்முடைய கரண்டை நம்ப முடியாதே என்று நானே காயில் சுற்றி ஒரு ஸ்டெபிலைசர் செய்து, அவர் கைக்கு எட்டுகிற ஸ்டூலில் வைத்தேன். கரண்ட் அடியோடு போய்விட்டால் திறந்துகொள்ள ஒரு சின்ன சிலிண்டரும் கட்டிலடியில் இருந்தது. மூன்று வருடம் அந்த மெஷினில் அவர் உயிரோடு இருந்தார். அதற்கு ஓரளவு நானும் காரணம்.

இனி ஒரு பெடலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாமக்கல்லில் ஒரு ஸ்பீக்கர் கடையில் நான் வேலை பார்த்தபோது, மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்துக்கொண்டிருந்த அண்ணாமலை என்கிறவர் ஒரு பெட்டி கொண்டுவந்தார். காலால் மிதித்தால் கிடாரின் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல். இரும்புப் பெட்டி, பெயிண்ட் உதிர்ந்து துருவேறியது. உள்ளே இரண்டு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள். அந்த ரகம் இப்போது லேசில் கிடைப்பதில்லை. அவர் சொன்ன குறை விசித்திரமாக இருந்தது. புது பேட்டரி போட்டால் கெட்டுப்போகிறது, தீரப்போகிற பேட்டரி போட்டால் பிரமாதமாக இருக்கிறது என்றார். சட்டைப்பையில் நாலைந்து அரைச்செத்த பேட்டரிகளைப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். ஒன்றைப் போட்டு எனக்கு வாசித்துக் காட்டினார்.

சத்தம் முதலில் எழுந்தது. பிறகு கீழே போய், விழப்போகும் இடத்தில் திணறி, எதையோ பிடித்துக்கொண்டு மறுபடியும் கொஞ்சம் எழுந்தது. சுமைக்காரன் மேட்டில் கடைசி நாலு அடி ஏறுவது போல இருந்தது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும், சார். அதில்தான் வளர்ந்தேன். அதை ஒரு பாட்டுக்குள் கேட்டது அன்றைக்குத்தான்.

அதைப் பலகையாகச் செய்ய எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் வாய்த்தது. அண்ணாமலை இறந்துபோய், அவர் மகன் அந்தப் பெடலை எனக்கே கொடுத்துவிட்டான். ஜெர்மேனியத்துக்குச் சூடு ஆகாது. நாமக்கல் வெயிலில் அது தொண்டை கட்டியது போல இருக்கும். மலைக்குக் கொண்டுவந்தேன், குளிரில் தெளிந்துவிட்டது. மலைக்கே வந்து உட்கார்ந்துவிட அதுவும் ஒரு காரணம். அண்ணனைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று.

பலகைக்கும் தேடிப்பிடித்த ஜெர்மேனியம்தான். அதில் முக்கியமான குமிழ் ஒன்றுதான். வலது பக்கம் திருப்பத் திருப்ப உள்ளே போகும் கரண்ட் குறையும், சத்தம் திணறும். எட்டுப் புள்ளி வைத்தேன். எட்டாவதில் அடங்கிவிடும். சர்க்யூட் சுலபம். ஆனால் கரண்டைச் சும்மா குறைத்தால் சத்தம் சும்மா குறைகிறது. அது எப்படித் தடுமாற வேண்டும், எவ்வளவு நேரம் தாங்கிப் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும் என்பதுதான் வேலை. மிக்ஸியைத் திணறவிட்டுப் பதிவு செய்து பார்த்தேன். கிரைண்டர், தண்ணீர் மோட்டார், பழைய டேப்ரிக்கார்டர் எல்லாவற்றையும் பார்த்தேன். ஏழு மாதிரிகள் அனுப்பினேன். ஏழாவதைக் கேட்டுவிட்டு ராதிகா போனில் பேசினார். “எல்லாம் சரியா இருக்கு சுதாகர். சாகிற சத்தம் வருது. ஆனா சாக மனசில்லாத சத்தம் வரலை. அந்தப் பழைய பெடல்ல அது இருக்கு” என்றார்.

சரியான பேச்சு. எனக்கும் அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஒரு பகல் நேரம் மில் ஓடியது. நான் வேலை செய்கிற இடம் அண்ணன் கட்டிலுக்குப் பின்னால், பாதிச் சுவர் மறைப்புக்கு இந்தப் பக்கம். மெஷின் சத்தம் கனத்தது. கூடவே அண்ணனின் மூச்சு வேகமெடுத்தது. மெஷின் இறங்க இறங்க மூச்சு ஏறி, ஓரிடத்தில் இரண்டும் ஒரே நடைக்கு வந்தன. பிறகு டக். அண்ணன் குமிழைத் திருப்பிவிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது. கையில் ஈயம் பற்றவைக்கும் கம்பியோடு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பத்து வருடமாகத் தேடியது எட்டடி தூரத்தில் இருந்திருக்கிறது.

ஒளித்துச் செய்யவில்லை. அண்ணனிடம் கேட்டுத்தான் கட்டில் காலில் மைக் கட்டினேன். அவருக்குச் சிரிப்பு. “எம் மூச்சப் பாட்டுல போடப் போறயா? போடு, போடு. இருமல மட்டும் வெட்டிப்புடு கண்ணு. கேக்கறவன் பயந்துக்குவான்” என்றார். அண்ணி இருசாயி, “கொறட்டையவும் போட்டுக்கங்க தம்பி. அந்தக் கச்சேரி நாந்தான் மூணு வருசமா ஒத்தையாக் கேக்கறன்” என்றார். அன்றைக்கு வீடே கலகலப்பாக இருந்தது. இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மில் எப்போது ஓடும் என்று சொல்ல முடியாது. காத்திருந்தால் வாரத்தில் ஒரு பதிவு கிடைத்தால் அதிகம். எனவே அவர் கண்ணசந்திருக்கும்போது வயரில் ஒரு சின்ன ரெகுலேட்டர் வைத்து நானே கரண்டைக் கொஞ்சம் இறக்கினேன். கொஞ்சம்தான். மெஷினில் ஒரு எச்சரிக்கை மணி உண்டு. அது கீ கீ என்று கத்திப் பதிவைக் கெடுத்தது. அதைக் கழற்றினேன். அண்ணனும் அந்தச் சத்தம் காதைக் குடைகிறது என்று முன்பே சொல்லியிருந்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும், நடை சேர்ந்து வரும் சமயத்தில், அவர் விழித்துக் கையை நீட்டி டக் என்று திருப்பிவிடுவார். நாலு வினாடி, ஐந்து வினாடி. அதற்குமேல் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் ஆரம்பங்கள்தான்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வெயிலில் சிலிண்டரோடு உட்காரவைத்துவிட்டு ஸ்டெபிலைசரைத் திறந்தேன். துடைத்துத் தருகிறேன் என்று சொன்னேன். துடைத்தும் கொடுத்தேன். உள்ளே வயர்களை மாற்றிப் பற்றவைத்தேன். ஒன்றாம் புள்ளியில் வருகிற கரண்ட் அப்படியே போகும். இரண்டில் குறையும். மூன்றில் இன்னும் குறையும். என் பலகையில் இருந்த குமிழ் எப்படியோ, இதுவும் அப்படி. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அளவெடுக்கச் சுலபம் என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணனிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். மத்தியானம் சோறு தின்னும்போது நினைத்தேன். சொன்னால் குமிழைத் தொடமாட்டார். தொட்டாலும் தெரிந்து தொடுவார். தெரிந்து விடுகிற மூச்சு வேறு, சார். அது நடிப்பு. பதிவில் உடனே தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை கரண்ட் நன்றாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணி மிளகு பறிக்கக் கிளம்பினார். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, “மில்லு போட்டுட்டான்னா ஒருக்கா எந்திரிச்சுப் பாருங்க தம்பி. உங்கண்ணன் கூப்புடமாட்டாரு. உங்க வேல கெட்டுப்போவும்னு வாய மூடிக்குவாரு” என்றார். சரிங்க அண்ணி என்றேன். வெளியே மூட்டமாக இருந்தது. ஏணிதான் கடைசியாகத் தெரிந்தது.

பதினொரு மணிக்கு மில் ஓடியது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை ஓடவிட்டேன்.

முதல் டக் சீக்கிரமே வந்தது. மெஷின் இறங்கியது. அண்ணனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. மில்லில் இன்றைக்கு ஓட்டம் அதிகம் என்று நினைத்திருப்பார். இரண்டாவதும் மூன்றாவதும் அடுத்தடுத்து வந்தன. நல்ல நடை அங்கேதான் ஆரம்பித்தது. நாலாவதற்கு முன்னால் கட்டில் முனகியது, எழுந்து உட்கார்ந்திருக்கிறார். கரண்ட் அடியோடு போயிருந்தால் அவர் சிலிண்டரைத் திறந்திருப்பார். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடுகிற மெஷினை யாரும் சந்தேகப்படுவதில்லை. திணறினால் ஒரு புள்ளி ஏற்ற வேண்டும், அவ்வளவுதானே. ஐந்தாவது டக்குக்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிட்டார். சத்தமாக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைக் கூப்பிடுவது போல, “சுதா” என்றார். பிறகு ஆறாவது. ஏழாவதற்கு வெகுநேரம் ஆனது.

ஒன்றிலிருந்து எட்டுக்குப் போக ஏழு டக். அதற்குமேல் குமிழ் போகாது. அவர் அதற்கப்புறமும் திருப்பிப் பார்த்தார். இரும்பு இரும்பில் முட்டுகிற சத்தம் இரண்டு முறை கேட்டது. இன்னும் மேலே ஏதாவது புள்ளி இருக்கிறதா என்று தேடியிருக்கிறார்.

மொத்தம் பத்தொன்பது நிமிடம்.

ஏன் எழுந்து போகவில்லை என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் மறைக்கவில்லை. என் நாற்காலி பழையது. எழுந்தால் கிறீச்சிடும். பாதிச் சுவர்தான், மைக்கில் விழுந்துவிடும். அந்த மாதிரி ஒரு பதிவு இரண்டாம் முறை கிடைக்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருந்தது என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அதுதானே உங்களுக்கு வேண்டும்.

பிறகு எழுந்தேன். பதிவு சேமிப்பில் ஏறிவிட்டதா என்று பார்த்தேன். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் மைக்கை அவிழ்த்தேன், குமிழை ஒன்றாம் புள்ளிக்குக் கொண்டுவந்தேன், மணியை மெஷினில் திரும்பப் பொருத்தினேன். அண்ணனின் கை ஸ்டூலின்மேல் இருந்தது. அதை எடுத்து அவர் வயிற்றின்மேல் வைத்தேன். அதற்கப்புறம்தான் வெளியே வந்து ஆட்களைக் கூப்பிட்டேன். டாக்டர் நெஞ்சுக்கோளாறு என்று எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியது பொய்யில்லை. சாயங்காலம் புதைத்தோம். மண் போடும்போது நான் அழுதேன், அதுவும் பொய்யில்லை.

அவருடைய குரலை நான் பலகைக்குள் வைக்கவில்லை. தப்பாக எழுதிவிடாதீர்கள். பதிவைக் கேட்டு, அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் ஒரு கோடாக வரைந்து, சின்ன சிப்பில் ஏற்றினேன். அந்தக் கோடுதான் உள்ளே கரண்டை ஏற்றி இறக்கும். புள்ளிக்குப் புள்ளி அவர் எப்படித் திணறினாரோ அப்படிப் பலகை திணறும். குரல் கிடையாது, நடை மட்டும்தான். சொன்னபடியே இருமலை வெட்டிவிட்டேன். என் பெயர் வந்த இடத்தையும் வெட்டினேன். அது அங்கே தேவைப்படவில்லை.

ராதிகா இரண்டு முறை கேட்டார். “இதுதான்” என்றார். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டார். பொன்னன் என்று வைக்கச் சொன்னேன். என் அண்ணன் பெயர், இந்த வருடம் தவறிப்போனார் என்றேன். ராதிகா உடனே சரி என்றார். முகப்பில் தமிழ் எழுத்திலேயே அச்சடித்துக் கொடுத்தார். இன்றைக்கு அது எத்தனையோ நாட்டில் ஓடுகிறது. கிரஷரில் செத்த எத்தனை பேருக்கு அப்படி நடந்திருக்கிறது, சொல்லுங்கள்.

ஆடி மாதம் எங்களுக்கும் ஒரு பெட்டி தபாலில் வந்தது. அண்ணி கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. உங்கண்ணன் பேரா என்று கேட்டார். ஆமாங்க அண்ணி என்றேன். எப்படிப் பாடும் என்று கேட்டார். ஸ்பீக்கரில் சேர்த்து ஒரு சுரத்தை நீளமாகப் பிடித்துவைத்து, பலகையை ஓடவிட்டேன். அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சும்மா ஆசைக்கு ஒரு புள்ளி திருப்பினார். டக். சத்தம் திணறியது.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். மூன்று வருடம் அந்த மூச்சுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர். கை தானாகப் போனது. திணறுகிறதே என்று ஏற்றினார். வலது பக்கம். இன்னும் இறங்கியது. இன்னும் ஏற்றினார். எட்டாம் புள்ளியில் அது அடங்கியபிறகும் இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். அந்த இரண்டு முட்டலும் அதே மாதிரி கேட்டன.

அண்ணி எழுந்தார். மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த ஸ்டெபிலைசரைத் தூக்கிவந்து, குண்டு பல்பு ஒன்றை மாட்டி, சுவிட்சைப் போட்டார். குமிழை வலது பக்கம் திருப்பினார். பல்பு மங்கியது. மறுபடி திருப்பினார். சிவந்து, கம்பி மட்டும் தெரிந்தது. நான் அதைப் பழையபடி மாற்றி வைத்திருக்க வேண்டும். ஆறு மாதம் நேரமிருந்தது. ஏனோ தோன்றவில்லை.

“ஏத்தறம்னு நெனச்சுத்தான் திருப்பியிருக்காரு” என்றார் அண்ணி. பல்பைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

“ஆமாங்க அண்ணி.”

“கூப்புட்டாருங்களா தம்பி?”

“ஒருக்காத்தாங்க.”

அவர் பல்பைக் கழற்றி மாடத்தில் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு மூட்டத்தில் இறங்கி நடந்தார். உங்களிடம்தான் வருகிறார் என்று எனக்குத் தெரியும். தடுக்கவில்லை. தடுக்க என்ன இருக்கிறது? அண்ணியிடம் நான் பொய் சொன்னதே கிடையாது.

ஓடிப்போகவும் இல்லை, நீங்கள் வரும்வரை வீட்டில்தான் இருந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயரை மாற்றியது நான். மணியைக் கழற்றியது நான். கூப்பிட்டது காதில் விழுந்தும் உட்கார்ந்திருந்தது நான். அண்ணனைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன், சொல் சரிதான். ஆனால் எப்படியும் ஒன்றிரண்டு வருடத்தில் யாருக்கும் தெரியாமல் அடங்கப்போகிற மூச்சு அது. அதை அடங்காமல் எடுத்துவைத்தவனும் நான்தான். இரண்டையும் எழுதினால் நியாயமாக இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள், சார். அண்ணன் பெயர் போட்ட அந்தப் பெட்டியைச் சாட்சிப் பொருளாக எடுத்துப்போகிறீர்கள். மலைக்குக் கீழே கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், தெரியும். வேலை முடிந்ததும் மேலே அனுப்பிவிடுங்கள். அதுவரை வெயில் படாத இடமாக வையுங்கள். இந்தக் குளிர் இருந்தால்தான் அண்ணனுக்கு மூச்சு நன்றாக வரும்.